எண்ண வேண்டியது பிள்ளைகளை அல்ல



சட்டத்துடன் முரண்பட்ட சிறாருக்கான நீதி அமைப்பை ஆய்வாலும் புள்ளிவிவரத்தாலும் எப்படிச் சீர்செய்யலாம் என்று பேசும்படி கேட்டிருந்தீர்கள். பல ஆண்டுகள் சமூகப்பணி மாணவர்களுக்குப் பாடம் சொன்னவன் என்பதால் ஒப்புக்கொண்டேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தவறு செய்த பிள்ளையைப் பற்றி நம்மிடம் எழுதிவைத்த தகவலுக்குக் குறைவில்லை. அந்தப் பிள்ளையைக் கையாளும் காவல் நிலையம், இளைஞர் நீதிக் குழுமம், கூர்நோக்கு இல்லம் ஆகியவை எப்படி வேலை செய்கின்றன என்ற கணக்குத்தான் நம்மிடம் இல்லை. அந்தக் கணக்கை எடுக்காதவரை, சட்டத்தை எத்தனை முறை திருத்தினாலும் பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை.

இதைப் பல்கலைக்கழக அரங்கில் பேசுவதைவிட மண்ணூர்பேட்டையில் பேசுவது பொருத்தம். ஏன் என்று பாருங்கள். இந்தத் தெருவில் குடியிருக்கும் 16 வயதுப் பையன் ஒருவன் பைக் திருட்டு வழக்கில் பிடிபடுவதாக வைத்துக்கொள்வோம். அவன் வீட்டுக் குப்பையை எடுப்பது சென்னை மாநகராட்சியின் 7ஆவது மண்டலம். 2011இல் அம்பத்தூர் நகராட்சி மாநகராட்சியோடு இணைந்ததிலிருந்து அப்படி. அவன் சாதிச் சான்றிதழ் வாங்கும் அம்பத்தூர் வட்டம் 2018 வரை திருவள்ளூர் மாவட்டத்தில் இருந்தது. அதன்பின் சென்னை மாவட்டம். அவனைப் பிடிக்கிற போலீஸ் 2022 ஜனவரி 1 முதல் ஆவடி காவல் ஆணையரகத்தைச் சேர்ந்தது. கடைசியாக மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது 2011இல்; அதில் இந்த ஊர் திருவள்ளூர் மாவட்டத்துக் கணக்கில் இருக்கிறது.

இப்போது ஓர் எளிய கேள்வி கேட்போம். இந்த வட்டாரத்தில் 1,000 பிள்ளைகளில் எத்தனை பேர் மீது வழக்குப் பதிவாகிறது? பத்து ஆண்டுகளுக்கு முன்பு எத்தனை? விடை சொல்ல முடியாது. வழக்குகளின் எண்ணிக்கை ஒரு வரைபடத்திலிருந்து வருகிறது. பிள்ளைகளின் எண்ணிக்கை இன்னொரு வரைபடத்திலிருந்து வருகிறது. ஒரு வீட்டின் வாடகையை அடுத்த வீட்டின் சதுர அடியால் வகுப்பது போன்ற வேலை இது. எல்லைகளை மாற்றியவர்கள் நிர்வாக வசதிக்காக மாற்றினார்கள். அதில் தவறு இல்லை. ஆனால் பழைய கணக்கையும் புதிய கணக்கையும் ஒட்டவைக்கும் வேலையை யாருக்கும் ஒப்படைக்கவில்லை. சென்னையின் மேற்கு ஓரத்தில் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று வேகமாக வளர்ந்த ஊர்கள் எல்லாவற்றுக்கும் ஏதாவது ஒரு வகையில் இந்தச் சிக்கல் உண்டு.

நாடு முழுவதற்குமான கணக்கைப் பார்ப்போம். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2023ஆம் ஆண்டு அறிக்கைப்படி, சிறார் மீது பதிவான வழக்குகள் 31,365. அவற்றில் பிடிக்கப்பட்ட சிறார் 40,036 பேர். அவர்களில் 79 விழுக்காட்டினர் 16 வயதுக்கும் 18 வயதுக்கும் இடைப்பட்டவர்கள். அந்த ஆண்டு நாட்டில் பதிவான மொத்தக் குற்ற வழக்குகள் 62 லட்சத்துக்கு மேல். அதாவது 200 வழக்குக்கு ஒன்றுதான் சிறார் வழக்கு. பட்டாக்கத்தியால் பிறந்தநாள் கேக் வெட்டும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு, இளைய தலைமுறையே கெட்டுவிட்டது என்று பேசுபவர்கள் இந்த எண்ணை ஒருமுறை மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

அதே மூச்சில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த எண் குற்றத்தின் அளவைக் காட்டுவதல்ல, காவல் நிலையத்தின் எழுத்தைக் காட்டுவது. இளைஞர் நீதிச் சட்டத்தின்கீழ் வந்த 2016ஆம் ஆண்டின் மாதிரி விதிகள் என்ன சொல்கின்றன? கொடுங்குற்றமாக இருந்தாலோ பெரியவர்களோடு சேர்ந்து செய்ததாகச் சொல்லப்பட்டாலோ ஒழிய, சிறார் மீது முதல் தகவல் அறிக்கை பதியக் கூடாது. காவல் நிலையப் பொது நாட்குறிப்பில் எழுதி, பிள்ளையின் சமூகப் பின்னணி அறிக்கையோடு குழுமத்துக்கு அனுப்ப வேண்டும். ஆகவே ஒரு மாவட்டத்தில் வழக்கு குறைந்தால், குற்றம் குறைந்ததாகவும் இருக்கலாம், போலீஸ் விதியை ஒழுங்காகப் பின்பற்றத் தொடங்கியதாகவும் இருக்கலாம். எது என்று அந்த எண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாது. எந்தத் தாளும் எழுதாமல் இரண்டு நாள் நிலையத்தில் உட்காரவைத்து அனுப்பிய பிள்ளை எந்தக் கணக்கிலும் வரமாட்டான்.

வயதைக் கூட்டி எழுதப்பட்ட பிள்ளையும் வரமாட்டான். ஐப்ரோபோனோ என்ற சட்ட உதவி அமைப்பு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியாக நாடெங்கும் சிறைகளில் கேட்டுத் தொகுத்து, 2024இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. 2016 முதல் 2021 வரையிலான ஆறு ஆண்டுகளில் பெரியவர்களின் சிறைகளில் அடைக்கப்பட்டு, பிறகு சிறார் என்று கண்டறியப்பட்டவர்கள் குறைந்தது 9,681 பேர். பதில் தந்த சிறைகளின் கணக்கு மட்டும்தான் இது. கண்டறியப்படாமலே போனவர்கள் தனி. ஆதார் அட்டையில் இருக்கும் தேதியோ பையனின் மீசையோ பார்த்து வயதை முடிவுசெய்கிற பழக்கத்தின் விலை இது. பள்ளிச் சான்றிதழைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்கிறது இளைஞர் நீதிச் சட்டத்தின் 94ஆவது பிரிவு.

இனி, நம்மிடம் குவிந்து கிடக்கும் தகவலைப் பற்றி. ஒரு பிள்ளை குழுமத்தின் முன் வந்ததும் நன்னடத்தை அலுவலர் சமூக விசாரணை அறிக்கை எழுத வேண்டும். விதிகளில் படிவம் 6 என்று இருக்கிறது. வீட்டில் யார் யார், யார் சம்பாதிக்கிறார்கள், அப்பா குடிக்கிறாரா, பையன் எந்த வகுப்போடு நின்றான், ஏன் நின்றான், வேலைக்குப் போனானா, எவ்வளவு கூலி, யாராவது அடித்தார்களா, பாலியல் துன்பம் நேர்ந்ததா, போதைப் பழக்கம் உண்டா, நண்பர்கள் யார் என்று எல்லாவற்றையும் கேட்கிறது அந்தப் படிவம். நகர்ப்புற ஏழைக் குடும்பங்களின் பிள்ளைகளைப் பற்றி இவ்வளவு நுணுக்கமாகக் கேட்கும் வேறு அரசுப் படிவம் எதையும் நான் பார்த்ததில்லை. நல்ல அலுவலர்கள் வீட்டுக்குப் போய், அம்மா ஷிப்ட் முடிந்து வரும்வரை வாசலில் காத்திருந்து, அக்கம்பக்கத்தில் விசாரித்து, எழுதிவந்து தருகிறார்கள். களப்பயிற்சிக்கு அவர்களோடு போன என் மாணவர்கள் அந்த உழைப்பை நேரில் கண்டவர்கள்.

அந்த அறிக்கை குழுமத்தில் ஒருமுறை படிக்கப்படும். கோப்பில் சேரும். பிறகு சட்டப்படி உரிய காலத்தில் அழிக்கப்படும். அழிக்க வேண்டியதுதான், பிள்ளை புதிதாகத் தொடங்கட்டும் என்பதற்காகத்தான் 24ஆவது பிரிவை எழுதியிருக்கிறார்கள். ஆனால் அழிப்பதற்கு முன், பெயரையும் முகவரியையும் நீக்கிவிட்டு அதிலுள்ள செய்தியைக் கூட்டிப் பார்க்கலாமே! ஒரு மாவட்டத்தில் ஓர் ஆண்டின் அறிக்கைகளை மட்டும் எடுத்துக்கொண்டு, பள்ளியை விட்டு நின்றதற்கும் முதல் வழக்குக்கும் நடுவில் எத்தனை மாதம் என்ற ஒரே கேள்வியைக் கேட்டாலே போதும். அந்த இடைவெளி ஆறு மாதமா, இரண்டு ஆண்டா என்று தெரிந்தால் எங்கே கை நீட்ட வேண்டும் என்று தெரிந்துவிடும். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் ஒவ்வொரு மாணவருக்கும் எமிஸ் எண் இருக்கிறது. வருகைப் பதிவும் அதில் ஏறுகிறது. ஒரு பையன் தொடர்ந்து மூன்று வாரம் வரவில்லை என்பது காவல் நிலையத்துக்குத் தெரிவதற்கு வெகு முன்பே வகுப்பாசிரியருக்குத் தெரியும். அந்தப் பெயர்ப்பட்டியல் போக வேண்டிய இடம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு. காவல் நிலையத்துக்கு அது போகவே கூடாது.

ஏன் அவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், பதிவேடு என்பது நம் மண்ணில் இரண்டு விதமாகவும் பயன்பட்டிருக்கிறது. 1920ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். சிறாருக்கென்று தனி நீதிமன்றம், தனி இல்லம் என்று வகுத்த சென்னைக் குழந்தைகள் சட்டம் அந்த ஆண்டில் வந்தது. இந்தியாவிலேயே முதல் மாகாணச் சட்டம் அதுதான். வங்காளம் 1922இலும் பம்பாய் 1924இலும் பின்னால் வந்தன. அதற்குத் துணைநின்ற இந்தியச் சிறைகள் குழுவுக்குத் தலைமை தாங்கிய அலெக்சாண்டர் கார்டியூ சென்னை மாகாணத்து அதிகாரி. அதே 1920இல், ஏப்ரல் 3ஆம் தேதி, உசிலம்பட்டிக்குப் பக்கத்தில் பெருங்காமநல்லூரில் என்ன நடந்தது? குற்றப் பழங்குடிகள் சட்டத்தின்கீழ், நம் ஊர்ப் பேச்சில் ரேகைச் சட்டத்தின்கீழ், பெயரையும் கைரேகையையும் பதிய மறுத்த மக்கள் மீது துப்பாக்கிச் சூடு. 16 பேர் உயிரிழந்தார்கள். பிள்ளையின் நிலைமையைப் புரிந்துகொள்ள ஒரு பதிவேடு. பிறப்பை வைத்தே குற்றவாளி என்று முத்திரையிட இன்னொரு பதிவேடு. இரண்டையும் வைத்திருந்தது ஒரே அரசு, ஒரே ஆண்டில்.

இன்று கைரேகைக்குப் பதிலாக முக அடையாள மென்பொருள் வந்துவிட்டது. எந்தப் பையன் நாளைக்குக் குற்றம் செய்வான் என்று கணித்துச் சொல்லும் மென்பொருள்கள் வெளிநாடுகளில் விற்பனைக்கு இருக்கின்றன. அவை நம் ஊருக்கும் வரும். அவற்றைச் சிறார் நீதிக்குள் நுழைய விடக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. அத்தகைய கணிப்புக்குத் தீனி பழைய வழக்குகள். போலீஸ் எந்தத் தெருவில் அதிகம் ரோந்து போகிறதோ அந்தத் தெருவில்தான் பழைய வழக்குகள் அதிகம். மென்பொருள் மறுபடியும் அந்தத் தெருவையே காட்டும். மறுகுடியமர்வுப் பகுதியான கண்ணகி நகர் என்று முகவரி எழுதியதற்காகவே வேலை மறுக்கப்பட்ட இளைஞர்களின் கதை சென்னைக்குப் புதிதல்ல. சிறாரின் பழைய வழக்கை நன்னடத்தைச் சான்றுக்காகக்கூடப் போலீஸ் வெளியிடக் கூடாது என்று 74ஆவது பிரிவு சொல்கிறது. ரவுடிகளின் சரித்திரப் பதிவேட்டில் அவர்கள் வீட்டுச் சிறாரின் விவரம் இடம்பெறக் கூடாது என்பதை உச்ச நீதிமன்றம் 2024 மே மாதத்தில் வலியுறுத்தியிருக்கிறது. 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் குழந்தைகளைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதற்குக் கட்டுப்பாடு போடுகிறது. மண்ணூர்பேட்டை போன்ற சிறிய ஊரில், வார்டு, வயது, சாதி, குற்றம் என்று நான்கு கட்டம் போட்டு வெளியிட்டால் பெயர் எழுதத் தேவையே இல்லை. டீக்கடையில் ஐந்து நிமிடத்தில் யார் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். ஆகவே மிகச் சிறிய எண்களை வெளியிடக் கூடாது என்பதும் ஆய்வு ஒழுக்கத்தில் சேர்த்தி.

ஆய்வு வேறு என்ன செய்யும்? நல்ல எண்ணத்தைச் சோதித்துப் பார்க்கும். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1939இல் ஒரு திட்டம் தொடங்கினார்கள். ஏழைக் குடும்பத்துச் சிறுவர்கள் 506 பேர். ஒரே மாதிரியான இரண்டிரண்டு பேராகச் சேர்த்து, நாணயம் சுண்டி, ஒருவனை உதவிக் குழுவிலும் மற்றவனை உதவி பெறாத குழுவிலும் சேர்த்தார்கள். உதவி பெற்றவர்களுக்கு வீட்டுக்கே வரும் ஆலோசகர், டியூஷன், மருத்துவம், கோடைகால முகாம் என்று எல்லாம் கிடைத்தது. நாம் யாராவது நடத்தினாலும் இப்படித்தான் நடத்துவோம். முப்பது ஆண்டுகள் கழித்து ஜோன் மெக்கார்ட் என்ற ஆய்வாளர் அந்த மனிதர்களைத் தேடிப் பிடித்தார். பலரும் அந்தத் திட்டம் எங்களுக்கு நல்லது செய்தது என்று நன்றியோடு சொன்னார்கள். ஆனால் இரண்டு குழுக்களையும் ஒப்பிட்டபோது, குடிப்பழக்கத்திலும் உடல்நலத்திலும் மறுபடி குற்றம் செய்வதிலும் உதவி பெற்றவர்கள் மோசமாக இருந்தார்கள். 1978இல் அவர் வெளியிட்ட இந்த முடிவு பலருக்குக் கசந்தது. நன்றிக் கடிதங்களை மட்டும் எண்ணியிருந்தால் அந்தத் திட்டம் இன்றும் விருது வாங்கிக்கொண்டிருக்கும்.

அதே 1978இல் இன்னொரு கதை. நியூஜெர்சி மாநிலத்தில் ராவே சிறைக்குச் சிறுவர்களை அழைத்துப் போய், ஆயுள் கைதிகளை விட்டு மிரட்டவைத்த நிகழ்ச்சி ஆவணப்படமாகி நாடெங்கும் புகழ்பெற்றது. ஊர் ஊராக அதைப் பின்பற்றினார்கள். பிறகு சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, சிறைக்குப் போய் மிரட்டல் வாங்கிய பிள்ளைகள், போகாத பிள்ளைகளைவிட அதிகமாகக் குற்றம் செய்திருந்தார்கள். "ரெண்டு தட்டு தட்டி அனுப்புங்க சார், பயந்து திருந்திடுவான்" என்று இன்ஸ்பெக்டரிடம் பிள்ளையை ஒப்படைக்கும் அப்பாமார்களும், ஒழுங்கு வகுப்பு எடுக்கப் போலீஸைப் பள்ளிக்குள் அழைக்கும் தலைமையாசிரியர்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். சென்னைக் காவல் துறை 2022 செப்டம்பரில் 100 பள்ளிகளில் 5,000 மாணவர்களோடு தொடங்கிய சிற்பி திட்டம் மிரட்டும் வகையைச் சேர்ந்ததல்ல. பொறுப்புணர்வை வளர்க்கும் நல்ல நோக்கம் கொண்டது. நல்ல நோக்கம் கொண்டது என்பதாலேயே அதற்கும் இப்படி ஒப்பிட்டுப் பார்க்கும் மதிப்பீடு தேவை என்பேன்.

மூன்றாவது ஆய்வுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. உலகின் முதல் சிறார் நீதிமன்றம் 1899இல் சிகாகோவில் தொடங்கியது. அதே சிகாகோவில் 35,000க்கு மேற்பட்ட சிறார் வழக்குகளை அன்னா ஐசர், ஜோசப் டாயில் என்ற இரண்டு பொருளியல் அறிஞர்கள் ஆராய்ந்து 2015இல் வெளியிட்டார்கள். அங்கே எந்த வழக்கு எந்த நீதிபதியிடம் போகும் என்பது கிட்டத்தட்டக் குலுக்கல் முறை. சில நீதிபதிகள் கண்டிப்பானவர்கள். காவலில் வைக்க உத்தரவிடுவார்கள். சிலர் வீட்டுக்கு அனுப்புவார்கள். ஆக, ஒரே மாதிரியான இரண்டு பிள்ளைகளில் ஒருவன் உள்ளே போனதற்கும் மற்றவன் போகாததற்கும் காரணம் அவன் குணம் அல்ல, அவனுக்கு வாய்த்த நீதிபதி. அப்படி உள்ளே போனவர்கள் பள்ளிப் படிப்பை முடிப்பது கணிசமாகக் குறைந்தது. பெரியவர்களான பின் சிறைக்குப் போவது 20 விழுக்காட்டுப் புள்ளிக்கு மேல் கூடியது. அதாவது காவலில் வைத்ததே குற்றத்தை வளர்த்தது.

நம் சட்டம் இந்த ஆய்வுக்காகக் காத்திருக்கவில்லை. 12ஆவது பிரிவுப்படி, குற்றம் எதுவானாலும் சிறாருக்கு ஜாமீன் தருவதே விதி. மறுப்பதற்கு மூன்று காரணங்களே உண்டு, அவற்றையும் எழுத்தில் பதிய வேண்டும். அப்படியானால் முதல் நாளே ஜாமீன் கிடைத்தவர்கள் எத்தனை பேர்? கூர்நோக்கு இல்லத்துக்குப் போனவர்கள் எத்தனை பேர்? ஓராண்டு கழித்து இரண்டு தரப்பிலும் பள்ளியிலோ தொழிற்பயிற்சி நிலையத்திலோ இருப்பவர்கள் எத்தனை பேர்? இந்த மூன்று எண்களையும் ஒவ்வொரு குழுமமும் ஆண்டுதோறும் வெளியிட்டால், ஐந்தே ஆண்டுகளில் நம் ஊர் அனுபவத்தை வைத்தே நம்மால் பேச முடியும்.

இல்லத்துக்குள் என்ன நடக்கிறது என்பதற்கு வருகிறேன். 2022 டிசம்பர் இறுதியில் ரயில்வே பேட்டரி திருடியதாகத் தாம்பரத்தில் பிடிபட்ட 17 வயதுச் சிறுவன் ஒருவன் செங்கல்பட்டு அரசு கூர்நோக்கு இல்லத்தில் அடைக்கப்பட்டான். டிசம்பர் 31ஆம் தேதி இறந்தான். அடித்துக் கொன்றதாக இல்லப் பணியாளர்கள் 6 பேர் கைது செய்யப்பட்டார்கள். அவன் பெயரை நான் சொல்லப்போவதில்லை. சட்டம் அவனுக்குத் தந்த உரிமை அது. அதன்பின் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு ஒருநபர் குழுவை அமைத்தது. அவர் இல்லங்களை ஆராய்ந்து 2023இல் அறிக்கை தந்தார். சமூகப் பாதுகாப்புத் துறை என்று நெடுங்காலம் அழைக்கப்பட்ட துறைக்கு இப்போது குழந்தைகள் நலன் மற்றும் சிறப்புச் சேவைகள் துறை என்று பெயர். பெயர் மாற்றத்தோடு நிற்காமல், அந்த இல்லங்களின் அன்றாடக் கணக்கும் மாற வேண்டும். இரவுப் பணியில் எத்தனை பேர், எத்தனை பிள்ளைகளுக்கு ஒருவர், ஆலோசகர் பணியிடம் நிரம்பியிருக்கிறதா, இந்த மாதம் மருத்துவமனைக்குப் போன பிள்ளைகள் எத்தனை பேர், காயம் என்ன, தப்பி ஓடியவர்கள் எத்தனை பேர் என்பவற்றை மாதாமாதம் வெளியார் பார்க்கும்படி வைத்தால், ஓர் இல்லம் கெட்டுப்போகத் தொடங்குவது ஒரு பிள்ளை சாவதற்கு முன்பே வெளியே தெரியும்.

காவல் நிலையத்துக்கும் இப்படி ஒரு கணக்கு வேண்டும். கழிவறையில் வழுக்கி விழுந்து கை முறிந்தது என்று மாவுக்கட்டோடு வெளிவரும் படங்களை எல்லோரும் பார்த்திருக்கிறோம். சிறாரை 24 மணி நேரத்துக்குள் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். அப்படி நிறுத்தும்போது உடம்பில் காயம் இருந்ததா, எந்தக் காவல் நிலையத்திலிருந்து வந்தான் என்ற இரண்டை மட்டும் பதிந்து, நிலையம்வாரியாக ஆண்டுக்கு ஒருமுறை கூட்டிப் பாருங்கள். அந்த ஒரு பட்டியல் பல சுற்றறிக்கைகளைவிட அதிகம் சாதிக்கும். பையன்களின் பட்டியலைக் காவல் நிலையச் சுவரில் ஒட்டுவதைவிட, காவல் நிலையங்களின் பட்டியலை ஆணையர் மேசையில் வைப்பது நீதிக்கு நெருக்கமான காரியம்.

குழுமங்களின் நிலை என்ன? 2025 நவம்பரில் இந்திய நீதி அறிக்கைக் குழுவினர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 2023 அக்டோபர் 31 நிலவரப்படி 362 குழுமங்களின் முன் இருந்த 1,00,904 வழக்குகளில் 55 விழுக்காடு நிலுவையில் இருந்தன. ஒரு மாஜிஸ்திரேட்டும் இரண்டு சமூகப் பணியாளர்களும் கொண்டதாக இருக்க வேண்டிய குழுமங்களில் கிட்டத்தட்ட நான்கில் ஒன்று முழுமையாக அமைக்கப்படாமல் இருந்தது. நான்கு மாதத்தில் விசாரணையை முடிக்க வேண்டும், அதற்கு மேல் இரண்டு மாதம் நீட்டிக்கலாம் என்று 14ஆவது பிரிவு சொல்கிறது. சிறு குற்றம் என்றால் அதற்குள் முடியாத வழக்கைக் கைவிட்டுவிட வேண்டும். 16 வயதில் செய்த காரியத்துக்கு 20 வயதில் வாய்தாவுக்கு அலையும் இளைஞனிடம் சீர்திருத்தம் என்ற பேச்சை எந்த முகத்தோடு பேசுவது? கம்பெனியில் லீவு கேட்டால் எதற்கு என்று கேட்பார்கள். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருப்பவனுக்கு மூன்றாவது வாய்தாவில் வேலை போய்விடும்.

இந்த எண்களை அந்த ஆய்வாளர்கள் எப்படிப் பெற்றார்கள் என்பதைக் கவனியுங்கள். ஒவ்வொரு மாநிலத்துக்கும் தகவல் உரிமை மனு அனுப்பித்தான் திரட்டினார்கள். பெரியவர்களின் வழக்கு நிலுவையைத் தேசிய நீதித்துறைத் தரவுத் தளத்தில் எவரும் வீட்டிலிருந்தே பார்க்கலாம். பிள்ளைகளின் வழக்கு நிலுவைக்கு அப்படி ஒரு பொதுத் தளம் இல்லை. இத்தனைக்கும் 16ஆவது பிரிவுப்படி, நிலுவை விவரம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை முதன்மை நீதித்துறை நடுவருக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் போக வேண்டும். அந்தத் தாளை, ஒரு பிள்ளையின் பெயரும் இல்லாத அந்தத் தாளை, மாவட்ட இணையதளத்தில் ஏற்ற என்ன தடை? சம்பூர்ணா பெகுரா வழக்கில் 2018 பிப்ரவரி 9ஆம் தேதி நீதிபதி மதன் லோகூர் அமர்வு, தொழில்நுட்பத்தைப் பயன்படுத்துங்கள், இல்லங்களைச் சமூகத் தணிக்கை செய்யுங்கள், காலவரையறையோடு ஆய்வுகள் நடத்துங்கள் என்று விரிவாகவே சொல்லிவிட்டது. அந்த மனு 2005இல் போடப்பட்டது. பெகுரா தீர்ப்புக்கு முந்தைய ஆண்டில், தமிழ்நாட்டு ஆதரவற்றோர் இல்லங்களில் குழந்தைகள் சுரண்டப்படுவது பற்றிய வழக்கில், 2017 மே 5ஆம் தேதித் தீர்ப்பிலும் தகவல் தொகுப்பின் தேவையை உச்ச நீதிமன்றம் பேசியிருக்கிறது. சட்டமும் தீர்ப்பும் நம் பக்கம் இருக்கின்றன.

இந்த ஊரைப் பற்றி ஓர் ஆய்வு நடக்க வேண்டும் என்ற ஆசை எனக்கு உண்டு. அதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. 1920களிலிருந்து சிகாகோவில் கிளிஃபர்டு ஷாவும் ஹென்றி மெக்கேயும் சிறார் வழக்குகளைப் பகுதிவாரியாக வரைந்து பார்த்தார்கள். சில பகுதிகளில் ஒரு நாட்டிலிருந்து வந்தவர்கள் குடியேறி, பிறகு வேறிடம் போய், இன்னொரு நாட்டார் வந்து, மக்கள் முழுக்க மாறிய பின்னும் வழக்கு விகிதம் அதே உயரத்தில் நின்றது. போனவர்களின் பிள்ளைகளிடையே புது இடத்தில் அந்த விகிதம் குறைந்தது. குறை இனத்தில் இல்லை, வாழ்நிலையில் இருக்கிறது என்று அதன் பொருள். அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தது 1964இல். டன்லப், டிஐ சைக்கிள்ஸ், பாடியில் லூகாஸ் டிவிஎஸ் என்று நிரந்தர வேலையோடு ஒரு தலைமுறை இங்கே வீடு கட்டியது. இன்று அதே தெருக்களில் தினக்கூலி ஒப்பந்தத்தில் அப்பாவும், எக்ஸ்போர்ட் கம்பெனியில் அம்மாவும், மாலை நான்கு மணியிலிருந்து இரவு ஒன்பது மணிவரை யாரும் இல்லாத வீட்டில் பிள்ளையும் இருக்கிறார்கள். பிகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்களின் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அந்த ஐந்து மணி நேரத்தில் பிள்ளை எங்கே போகிறான், விளையாட இடம் இருக்கிறதா, நூலகம் எத்தனை மணிவரை திறந்திருக்கிறது, போதைக்கு வலி மாத்திரை விற்கும் ஆள் எந்த முனையில் நிற்கிறான் என்பதை ஆராய்வதற்கு ஒரு பிள்ளையின் பெயரும் தேவையில்லை.

மாணவர்களிடம் ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். பத்து ரூபாய்க் கட்டணத்தோடு தகவல் உரிமை மனு ஒன்றை உங்கள் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு எழுதுங்கள். எந்தப் பிள்ளையைப் பற்றியும் கேட்காதீர்கள். சென்ற ஆண்டு குழுமம் எத்தனை நாள் கூடியது, நான்கு மாதத்தைத் தாண்டிய வழக்குகள் எத்தனை, சமூக விசாரணை அறிக்கை இல்லாமலே உத்தரவான வழக்குகள் எத்தனை, நன்னடத்தை அலுவலர் பணியிடங்களில் காலி எத்தனை, முதல் நாளில் ஜாமீன் பெற்றவர்கள் எத்தனை பேர், மறுபடி பள்ளியில் சேர்க்கப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். மண்ணூர்பேட்டையில் இருப்பவர்கள் சென்னைக்கும் எழுதுங்கள், திருவள்ளூருக்கும் எழுதுங்கள். எந்த அலுவலகம் இது எங்கள் பிள்ளை என்று சொல்கிறது என்பதும் தெரிந்துவிடும். சட்டப்படி 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். வந்த பதிலை இதே அரங்கில் அடுத்த ஆண்டு சொற்பொழிவுக்கு முன் வாசியுங்கள். வராவிட்டால் மேல்முறையீடு செய்துவிட்டு, அதையும் இங்கே வந்து சொல்லுங்கள்.